புறக்கடையில் 14 நாட்டுக்கோழிகள்: கொட்டகைக்கும் மேய்ச்சல் அடைப்புக்கும் எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

கேள்வி: கரிசல்மனை (அருப்புக்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்கு அருகில், ஊர் எல்லையில் அமைந்த எங்கள் வீட்டின் தென்புறத்தில் கிழக்கு மேற்காக 30 அடியும் வடக்கு தெற்காக 20 அடியும் கொண்ட திறந்த இடம் இருக்கிறது. அதில் வீட்டை ஒட்டிய 8 அடியைத் துவைக்கும் கல்லுக்கும் துணி உலர்த்துவதற்கும் விட்டுவிட வேண்டும் என்று என் தாயார் உறுதியாகக் கூறியிருக்கிறார். ஆகவே கோழிகளுக்குக் கிடைப்பது 30 அடிக்கு 12 அடி, அதாவது 360 சதுர அடி. தெற்கிலும் மேற்கிலும் 5 அடி உயரச் சுற்றுச்சுவர் உள்ளது. தென்மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. கிழக்கில் பக்கத்து வீட்டாரின் கத்தரி, மிளகாய்ப் பாத்திகள் இருப்பதால், கோழிகளை வெளியே மேய விடுவதற்கு வழியே இல்லை. வீட்டில் நாங்கள் காலை 9 மணிக்கு வேலைக்குச் சென்றால் திரும்ப மாலை 6 மணியாகிவிடும். பகலில் தாயார் மட்டுமே இருப்பார்.

சிறுவிடை என்ற சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி வகையில் 12 பெட்டைகளும் 2 சேவல்களும் வாங்க எண்ணியுள்ளேன். எனக்குள்ள குழப்பம் இடத்தின் அளவைப் பற்றியதுதான். ஒரு கையேட்டில் கோழிக்கு ஒன்றரை சதுர அடி போதும் என்றிருக்கிறது. இன்னொருவர் 4 சதுர அடி என்கிறார். மூன்றாமவர் 10 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்கிறார். முதல் கணக்கின்படி 6 அடிக்கு 4 அடியில் ஒரு கொட்டகை அமைத்தாலே 14 கோழிகளுக்கு மிஞ்சிய இடம்; கடைசிக் கணக்கின்படியோ 140 சதுர அடி வேண்டும். இவற்றுள் எது சரி? எங்கள் மண் கரிசல் என்பதையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தண்ணீர் எளிதில் வடியாது என்பதையும் கருத்தில் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (நாமக்கல்)

தாங்கள் குறிப்பிட்ட மூன்று அளவுகளும் சரியானவையே. ஆனால் மூன்றும் வெவ்வேறு வளர்ப்பு முறைகளுக்கு உரியவை. பகல் முழுவதும் தோட்டத்திலும் தெருவிலும் மேய்ந்துவிட்டு, இரவில் அடைவதற்கு மட்டும் வந்து சேரும் கோழிகளுக்கே ஒன்றரை சதுர அடி பொருந்தும். அவை இருட்டிய பின் பரணில், அதாவது உயரத்தில் கட்டிய கழியில், ஏறி அமர்ந்துவிடுவதால் தரையின் பரப்பு அங்கு ஒரு பொருட்டே இல்லை. நான்கு சதுர அடி என்பது பகலிலும் கொட்டகைக்குள்ளேயே நின்று தீவனம் உண்ண வேண்டிய நாட்களைக் கருதிச் சொல்லப்படுவது. பத்து சதுர அடி என்பது கொட்டகைக்கே உரியதன்று. கொட்டகைக்கு வெளியே, வேலியிட்ட மேய்ச்சல் அடைப்பில் ஒரு கோழிக்கு ஒதுக்க வேண்டிய குறைந்த அளவு அது.

கோழிகள் எந்த இடத்தில் மிக நீண்ட நேரம் அடைபட்டிருக்குமோ, அந்த நேரத்தை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். தங்கள் பகுதிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அடைமழை இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் அத்தனை கோழிகளும் கூரைக்குள்தான் நிற்கும். இடம் நெருக்கமானால் தரையில் பரப்பிய உமி போன்ற கூளம் நனைந்து அம்மோனியா வாடை எழும், கண்ணில் நீர் வடியும், ஒன்றையொன்று கொத்திச் சிறகு பிடுங்கும் பழக்கமும் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், மழை விட்ட பிறகும் எளிதில் மாறாது. எனவே 14 கோழிகளுக்குத் தலைக்கு 4 சதுர அடி வீதம் 56 சதுர அடி என்று கொண்டு, 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள கொட்டகையாகத் திட்டமிடுங்கள்.

கொட்டகையின் நீளவாட்டு கிழக்கு மேற்காகவே இருக்க வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் மட்டும் விழும். அந்தக் கிழக்கு, மேற்குச் சுவர்களை முழுமையாக எழுப்பிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை அடி உயரத்திற்குக் குட்டைச் சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும் வைத்தால் காற்று குறுக்கே ஓடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தும் இறக்கையை அகற்றியும்தான் அது உடற்சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் சித்திரை, வைகாசியில் காற்றோட்டமில்லாத கொட்டகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை.

கொட்டகையைச் சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்ட வேண்டாம். தங்கள் 12 அடிப் பட்டையின் நட்ட நடுவே, வடக்கிலும் தெற்கிலும் 3 அடி விட்டு, 30 அடி நீளத்தின் மையத்தில் நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் இருபுறமும் 10 அடிக்கு 12 அடியாக இரண்டு வெளிகள் கிடைக்கும். கொட்டகையின் முன்னும் பின்னுமுள்ள 60 சதுர அடியையும் பாதியாகப் பிரித்துச் சேர்த்தால் பக்கத்துக்கு 150 சதுர அடி வரும். ஒரு பக்கத்தில் 14 கோழிகள் மேய்ந்தாலும் தலைக்கு 10 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சில வாரங்கள் ஒரு பக்கத்தில் விட்டு மறுபக்கத்திற்கு ஓய்வு கொடுங்கள். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் ஈர மண்ணில் நெடுநாள் உயிருடன் இருப்பவை. வெயில் பட்டு நன்றாகக் காயும் மண்ணில் அவை குறையும், புல்லும் மறுபடி தலையெடுக்கும். ஒரே வெளியில் ஆண்டு முழுவதும் விட்டால், முதல் மழைக்காலத்திற்குள் அது வெறும் சேறாகிவிடும்.

பதில் 2: முருங்கையடி (மணப்பாறை)

ஐயா கூறிய கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கேள்வியிலுள்ள 14 என்ற எண்ணையே நாம் முதலில் ஐயப்பட வேண்டும். சிறுவிடை என்பது அடை படுக்கும் இனம். ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு வெளிவரும். இரண்டு பெட்டைகள் ஒரே சமயத்தில் அடை வைத்து, தலைக்கு 12 குஞ்சுகள் தப்பினாலும், 14 கோழிகள் 38 ஆகிவிடும். குஞ்சுகளுக்கு முதல் 4 வாரம் வரை தலைக்கு அரை சதுர அடியும், அடுத்து 8 வாரம் வரை ஒரு சதுர அடியும் வேண்டும். அதற்குப் பிறகும் வளரும் சேவற்குஞ்சுகளை விற்காமல் வைத்திருந்தால், அவை பருவத்திற்கு வரும்போது ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். 14 கோழிகளுக்கென்று அளந்து கட்டிய கொட்டகை, ஆறு மாதத்தில் பற்றாமற்போவது இதனால்தான்.

ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. 8 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. இரண்டாவது சேவலை இவ்வளவு சிறிய அடைப்பில் வைத்தால், பெட்டைகளின் முதுகுச் சிறகு உதிர்வதையும் ஓயாத சண்டையையும் காண்பீர்கள். 9 கோழிகளுக்கு 36 சதுர அடி போதும் என்பதால், அதே 10 அடிக் கொட்டகைக்குள் 6 அடிக்கு 6 அடியைப் பெரிய கோழிகளுக்கும், கிழக்கு ஓரத்தில் எஞ்சும் 4 அடிக்கு 6 அடியைத் தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்குமாகத் தடுத்துவிடலாம். அந்த 24 சதுர அடியில் இரண்டு அடையின் குஞ்சுகள் 8 வாரம் வரை நெருக்கமின்றி வளரும். குஞ்சுகள் இல்லாத காலத்தில் அதுவே, சந்தையிலிருந்து புதிதாக வாங்கி வரும் கோழியை 3 வாரம் தனியே வைத்துப் பார்ப்பதற்கும் உதவும். வெள்ளைக்கழிச்சல் என்ற கொடிய தொற்றுநோய் பெரும்பாலும் வாங்கி வந்த கோழியோடுதான் வீட்டிற்குள் நுழைகிறது.

பகலில் தாயார் வீட்டில் இருப்பதால், குஞ்சுகளைத் துவைக்கும் கல்லின் அருகே பஞ்சாரத்தின் கீழ் விடுவதும் எளிது. பெரிய கோழிகள் உலவிய மண்ணில் இளங்குஞ்சுகளை இறக்காமல் இருப்பது இரத்தக் கழிச்சலைத் தவிர்க்கப் பெரிதும் உதவும்.

பரணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தரையின் அளவைக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. ஒரு கோழி அமர 8 அங்குலம் வேண்டும். 9 கோழிகளுக்கு 6 அடி, அதாவது தாங்கள் தடுக்கும் அறையின் நீளத்திற்குச் சரியாக ஒரு கழி. இருந்தாலும் இரண்டு கழிகள் போடுங்கள். கோடை இரவுகளில் அவை இறக்கையை அகற்றி, விலகி அமரவே விரும்பும். இரண்டும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால், மேல் கழிக்காக நாள்தோறும் அந்தி வேளையில் அடிதடி நடக்கும். விளிம்பு மழுங்கிய, இரண்டு அங்குல அகலமுள்ள மரமே நல்லது. மூங்கிலில் வெடிப்பு இருந்தால் உண்ணியும் செல் எனப்படும் கோழிப்பேனும் அதில் புகுந்துகொள்ளும். முட்டையிடும் பெட்டிகள் ஓரடி நீள அகல உயரத்தில் இரண்டோ மூன்றோ போதும். அவை பரணைவிடத் தாழ்ந்தும், இருண்ட மூலையிலும் இருக்க வேண்டும். பரணுக்கு மேலே இருந்தால் கோழிகள் இரவில் பெட்டிக்குள்ளேயே அடைந்து முட்டையை அசுத்தமாக்கும்.

கரிசல்மனை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 8 பெட்டை, ஒரு சேவல் என்று தொடங்குவதையே முடிவு செய்துவிட்டேன். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, 20 கோழிகளுக்கு ஏற்றது என்று கூறி, 6 அடிக்கு 4 அடியில் இரும்புக் கூண்டு ஒன்றை ஆயத்த நிலையில் விற்கிறார்கள்; கொட்டகைக்குப் பதிலாக அதை வாங்கலாமா? இரண்டாவது, கிழக்கு ஓரத்தில் குஞ்சு அறை வந்துவிட்டால், பெரிய கோழிகள் கிழக்கு வெளிக்கு எவ்வாறு செல்லும்? மூன்றாவது, எங்கள் தெருவில் நாய்கள் அதிகம். கீரியும் சாரைப்பாம்பும் அவ்வப்போது தென்படுகின்றன. வேலிக்கு எந்த வலை ஏற்றது?

பதில் 3: மலையடிவாரம் (தேனி)

வலையைப் பற்றிய கேள்விக்கு விரிவாகவே விடையளிக்கிறேன். கடைகளில் கோழி வலை என்ற பெயரில் கிடைக்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியேறாமல் தடுப்பதற்குத்தான் உதவும். வெளியிலிருந்து வரும் நாயைத் தடுக்க உதவாது. பசித்த நாய் அதைப் பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். ஆகவே கொட்டகையின் வடக்கு, தெற்குப் பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த உறுதியான வலை) போடுங்கள். கீரியும் எலியும் நுழைய முடியாது, பாம்பிலும் மெல்லிய குட்டிகளைத் தவிர மற்றவை நுழையா. அது விலை கூடியது என்றாலும், கோழிகள் இரவில் உறங்குவது அங்குதான் என்பதால் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெளி அடைப்பிற்குத் தரையிலிருந்து 3 அடி வரை வெல்டு மெஷும் அதற்கு மேல் செயின்லிங்க் வேலியும் போதும். தங்களுக்குத் தெற்கிலும் மேற்கிலும் சுவர் இருப்பதால், வடக்கில் 30 அடியும் கிழக்கில் 12 அடியுமாக 42 அடி வேலி மட்டுமே புதிதாகத் தேவைப்படும். ஆனால் சிறுவிடை எடை குறைந்த கோழி. 5 அடிச் சுவரின் மேல் ஒரே தாவலில் ஏறிவிடும். சுவருக்கு மேல் 2 அடி வலை எழுப்பி, வேலியையும் 7 அடிக்கு உயர்த்திவிட்டால், மேலே வலை விரிப்பதற்கும் தாங்கல் கிடைக்கும்.

மேல்வலை கட்டாயம் தேவை என்று நான் கருதுகிறேன். வளர்ந்த கோழியைப் பருந்து தூக்குவது அரிது. குஞ்சுகளையோ காகமே கொண்டுபோய்விடும். மேற்குப் பகுதிக்கு வேம்பின் நிழல் இருக்கிறது, கிழக்குப் பகுதிக்கு ஒன்றுமில்லை. அங்கு மேல்வலையாகவே நிழல் வலையை விரித்துவிட்டால் இரண்டு பயனும் ஒன்றாகக் கிடைக்கும். நிழல் வலையைத் தட்டையாக இழுத்துக் கட்டாமல் ஒருபுறம் சரித்துக் கட்டுங்கள். இல்லாவிடில் மழைநீரும் வேப்பஞ்சருகும் நடுவில் தேங்கி வலை தொங்கிவிடும். நிலையான நிழலுக்கு ஓரிரு முருங்கைப் போத்துகளை நட்டு, கோழிகள் வேரைக் கிளறாதபடி அடியில் கற்களைச் சுற்றி அடுக்குங்கள்.

நாயும் கீரியும் வேலியின் அடியில் தோண்டி வரும் என்பதற்காக வலையை ஓரடி ஆழத்தில் புதைப்பது பொதுவான வழக்கம். செம்மண்ணுக்கு அது நன்கு பொருந்தும். கரிசலோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். புதைத்த வலையின் ஓரமாகவே வெடிப்பு விழுந்து, அதுவே ஒரு வழியாகிவிடக்கூடும். அதனால் வலையின் கீழ்ப்பகுதியை வெளிப்புறமாக 2 அடி மடக்கித் தரையோடு படுக்கவைத்து, அதன் மேல் கற்களைப் பரப்பிவிடுங்கள். தோண்ட வரும் விலங்கு வேலியின் அடிவாரத்தில்தான் கால் வைக்கும். அங்கு நகம் வலையில் தட்டினால் விலகிப் போய்விடும்.

இரும்புக் கூண்டைப் பொறுத்தவரை, விற்பவர்கள் சொல்லும் 20 என்பது இரவில் அடைவதற்கு மட்டுமான எண். 24 சதுர அடியில் 20 கோழிகளைப் பகலில் வைத்திருப்பது கொடுமை. அந்தக் கூண்டுகளில் பலவற்றிற்குக் கூரையும் பக்கமும் தகடாகவே இருப்பதால், நண்பகல் வெயிலில் உள்ளே நிற்க இயலாது. உங்கள் ஊர் வெயிலுக்கு அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

பதில் 4: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (நாமக்கல்)

மணப்பாறை அம்மையார் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது மிகச் சரியான ஆலோசனை. கிழக்கு வெளிக்கு வழி கேட்டீர்கள். அதற்குக் கொட்டகையை மாற்ற வேண்டியதில்லை; இரு வெளிகளையும் பிரிக்கும் நடு வேலியை மட்டும் மேற்கே 2 அடி நகர்த்துங்கள். அப்போது பெரிய கோழிகளின் 6 அடி அறையின் வடக்குக் குட்டைச் சுவரில் 3 அடி மேற்கு வெளியைப் பார்த்தும் 3 அடி கிழக்கு வெளியைப் பார்த்தும் அமையும். ஒவ்வொன்றிலும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள ஒரு திறப்பை வைத்து, மேலே தூக்கும் பலகையால் மூடிக்கொண்டால், எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்களோ அந்தப் பக்கம் மட்டும் மேய்ச்சல் நடக்கும். மேற்கு வெளி 138 சதுர அடியாகவும் கிழக்கு வெளி 162 சதுர அடியாகவும் மாறும். 9 கோழிகளுக்குச் சிறிய பக்கத்திலும் தலைக்கு 15 சதுர அடி உண்டு. மதில் வரை நடு வேலிக்குத் தேவைப்படுவது கொட்டகைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று அடிதான்.

கூரைக்குத் தென்னங்கீற்று குளிர்ச்சி தரும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலியும் அதைத் தேடிவரும் பாம்பும் அதில் தங்கும். சிமெண்ட் ஷீட் போட்டு அதன் மேல் ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுவதையே நான் விரும்புவேன். மிகக் கடுமையான வெயில் நாட்களில் ஷீட்டின் மேல் நனைத்த சாக்கை விரிக்கலாம். இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம், வடக்கிலும் தெற்கிலும் 3 அடி நீண்டிருக்க வேண்டும். வடகிழக்கு மழை சாய்வாக அடிக்கும்போது கூளத்தைக் காப்பது அந்த 3 அடிதான். அதன் கீழே கோழிகள் நனையாமல் மண் குளியல் செய்யவும் இடம் கிடைக்கும். அங்கு ஒரு பாத்தி அளவுக்கு மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வையுங்கள். செல்லைக் கட்டுப்படுத்த அது உதவும்.

தரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் நேரடியாகச் சிமெண்ட் தளம் போட்டால், முதல் கோடையிலேயே வெடித்து எலிக்கு வளையாகும். கொட்டகையின் பரப்பில் கரிசலை ஒன்றரை அடிக்கு வெட்டி எடுத்துவிட்டு, சரளை நிரப்பிக் கெட்டித்து, சுற்றுத்தரையைவிட ஓரடி உயரமாக மேடாக்கிய பின்னரே தளம் போடுங்கள். குத்துக்கால் குழிகளையும் சரளையும் கான்கிரீட்டுமாக நிரப்புங்கள். மேய்ச்சல் வெளியில் நீர் கிழக்கு நோக்கி வடியுமாறு சிறு சரிவு கொடுக்கலாம். ஆனால் கழிவு கலந்த நீர் பக்கத்து வீட்டாரின் பாத்திக்குள் நேரே இறங்காதபடி, வேலியோரம் ஒரு வாய்க்கால் எடுத்து, அதில் கல்வாழையோ வாழையோ வைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் மனநிலையும் இந்த இடத் திட்டத்தின் ஒரு பகுதியே.

தளத்தின் மேல் நெல் உமியையோ நிலக்கடலைத் தோலையோ 3 அங்குல உயரத்திற்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க் கலனைச் சுற்றி நனைந்த கூளத்தை மட்டும் அன்றன்றே அள்ளி எடுத்து, உலர்ந்த கூளத்தை இட்டால் வாடை எழாது. வளர்ந்த கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் வரை நீர் குடிக்கும், கோடையில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்; ஆகையால் மாலை வரை நீங்கள் இல்லாத வீட்டில் நிழலில் இரண்டு கலன்களாவது இருக்கட்டும்.

மனிதர் நுழையும் கதவை 3 அடி அகலத்தில், நிமிர்ந்து செல்லும் உயரத்தில் வையுங்கள். தாயாரால் குனிந்து சென்று கூளத்தைக் கிளற இயலாது. குனிய வேண்டிய கொட்டகை அடிக்கடி சுத்தம் செய்யப்படாமல் போய்விடும். கோழிகளைக் கொண்டுவரும் முன், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடப்படும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு 7ஆம் நாளில் லசோட்டா சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் தவறக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் குடியேற்ற வேண்டுமானால், சரளை நிரப்பும் வேலையை ஆடியிலேயே முடித்து, ஒரு மாதம் நீர் விட்டு இறுக விடுங்கள். தளமும் கூரையும் ஆவணியில் போடலாம்.

கரிசல்மனை

நடு வேலியை நகர்த்தும் யோசனையைத் தாளில் வரைந்து பார்த்தேன். மிகச் சரியாகப் பொருந்துகிறது. கிழக்கு வேலியோரம் வாய்க்கால் எடுப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடமும் பேசினேன். கோழி எருவைத் தம் கத்தரிப் பாத்திக்குத் தந்தால், வாழைக்கன்றுகளைத் தாமே தருவதாக அவர்கள் கூறியிருக்கிறார்கள். புதிய எருவை நேரடியாகச் செடியின் அடியில் இடலாமா என்று மட்டும் கேட்கிறார்கள்.

பதில் 5: முருங்கையடி (மணப்பாறை)

நேரடியாக இட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. பச்சையாக இட்டால் செடியின் வேர் கருகிவிடும். கொட்டகையிலிருந்து எடுக்கும் கூளத்தை, வேப்பமரத்தின் கீழே ஒரு குழியில் சருகும் மண்ணும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, மூன்று மாதங்களுக்குக் குறையாமல் மட்கவைத்துக் கொடுங்கள். அந்தக் குழிக்காக மேற்கு வெளியில் 3 அடிக்கு 3 அடி ஒதுக்கி வலையால் தடுத்துவிடுங்கள். தடுக்காவிட்டால் கோழிகள் புழுவைத் தேடி ஒரே நாளில் அத்தனையையும் கிளறிப் பரப்பிவிடும். அந்த 9 சதுர அடி போனாலும், மேற்குப் பகுதியில் தலைக்கு 14 சதுர அடி எஞ்சும்.